பிள்ளை பெற்றவளுக்கு ஒரு உருண்டை களி

எவர்சில்வர் தட்டில் குழையக் குழைய வடித்த வெள்ளைச் சோறு. நடுவில் குழி செய்து ஊற்றிய நெய். ஓரத்தில் சுட்ட பூண்டு நாலு பல், பொடித்த மிளகு. சில வீடுகளில் மிளகு ரசம், சில வீடுகளில் வறுத்த கருவாட்டுத் துண்டு ஒன்று. கோலார் மாவட்டத்தின் பூதிகோட்டையிலும், பங்காருபேட்டையிலும், தங்கவயலின் மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப் லைன் வீடுகளிலும் பிள்ளை பெற்று வீட்டோடு இருக்கும் பெண்ணின் முன்னால் வைக்கப்படுகிற தட்டு ஏறக்குறைய இதுதான். மதியம் இதுவே, ராத்திரியும் இதுவே. நாற்பது நாள் என்பார்கள்; மூன்று மாதம் வரை நீளும் வீடுகளும் உண்டு.

தட்டில் இல்லாதவற்றைப் பட்டியல் போட்டால் அது பல மடங்கு நீளம். கீரை கூடாது, குழந்தைக்குப் பேதியாகும். துவரம்பருப்பு கூடாது, வாயு. கத்தரிக்காய் கரப்பான். தயிர், மோர், ஆரஞ்சு எல்லாம் சளி. சீனிவாசபுரத்து மாம்பழம் வண்டி வண்டியாகப் போகும் வைகாசி மாதத்தில் கூட, கோலாரில் பிள்ளை பெற்றவள் அதன் வாசனையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். தண்ணீர்கூட அளந்துதான்: “தண்ணி நெறைய குடிச்சா வயிறு பெருத்துடும், புண்ணு ஆறாது” என்று வெந்நீரை அரை டம்ளர் அரை டம்ளராகக் கொடுப்பார்கள். இந்த மாவட்டத்தின் அன்றாடச் சாப்பாடான ராகிக் களியும் பல வீடுகளில் தடைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. அது கனம், குளிர்ச்சி, பச்சை உடம்புக்கு ஆகாது என்று சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவும் அன்பினால் நடக்கிறது. எந்த மாமியாரும் மருமகளைப் பட்டினி போட வேண்டும் என்று பத்தியம் வைப்பதில்லை. எந்த அம்மாவும் மகளுக்குக் கேடு நினைத்துக் கீரையை ஒதுக்குவதில்லை. பேரப்பிள்ளைக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்ற பதைப்புதான் அத்தனை தடைகளுக்கும் வேர். அந்தப் பேரப்பிள்ளையையே இந்தத் தட்டு மருத்துவமனைக்கு அனுப்பியிருக்கிறது என்பதால்தான் இந்தக் கட்டுரை.

ஜெயதேவாவுக்கு வந்த குழந்தைகள்

பெங்களூரில் உள்ள ஸ்ரீ ஜெயதேவா இதயநோய் மருத்துவமனைக்குச் சில ஆண்டுகளாக ஒரே மாதிரியான குழந்தைகள் வந்துகொண்டிருந்தார்கள். வயது இரண்டு மாதம், மூன்று மாதம், நான்கு மாதம். பிறக்கும்போது நல்ல எடை. தாய்ப்பாலைத் தவிர வேறு எதுவும் வாயில் படாத பிள்ளைகள். முந்தின வாரம் வரை கொழுகொழுவென்று இருந்தவை, திடீரென்று பால் குடிக்க மறுக்கின்றன. வாந்தி, விடாத அழுகை. பிறகு அழுகைச் சத்தம் கம்மி, தொண்டை கட்டியதுபோல் ஆகிறது. மூச்சு வாங்குகிறது. சோதித்துப் பார்த்தால் இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில் ரத்த அழுத்தம் எகிறி, இதயத்தின் வலது பக்கம் வீங்கித் தடுமாறிக்கொண்டிருக்கிறது. பிறவிக் கோளாறு இல்லை, ஓட்டை இல்லை, நிமோனியாவும் இல்லை.

மருத்துவர்கள் தாய்மாரிடம் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தார்கள். தீட்டிய வெள்ளை அரிசிச் சோறு, பத்தியம்: திரும்பத் திரும்ப இதே பதில். குழந்தைகளுக்குத் தையமின் என்கிற வைட்டமின் பி1 ஊசி போடப்பட்டது. வழக்கமாக இந்த அழுத்தத்தைக் குறைக்க விலை உயர்ந்த மருந்துகளோடு போராட வேண்டியிருக்கும். இங்கே ஓரிரு நாளில் அழுத்தம் இறங்கியது, குழந்தைகள் மறுபடி பால் குடித்தன. 2021ல் இந்த மருத்துவர்கள் பிரிட்டனிலிருந்து வெளிவரும் குழந்தை மருத்துவ ஆய்விதழில் தங்கள் அனுபவத்தை வெளியிட்டார்கள். இப்படித் தையமினால் பிழைத்த குழந்தைகள் மட்டும் அதில் இருநூறுக்கும் மேல்.

அந்த ஊசியின் விலை ஒரு வேளைச் சாப்பாட்டுச் செலவுகூட வராது. நோயின் பெயரும் புதிதல்ல, நம் பாட்டன் காலத்து பெரிபெரிதான். பாடப் புத்தகத்தில் படித்துத் தேர்வெழுதி மறந்துவிட்ட நோய், தாய்ப்பால் வழியாகக் கைக்குழந்தைகளிடம் திரும்பி வந்திருக்கிறது.

தாயைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது என்பதுதான் இதில் கொடுமை. அவள் நடமாடிக்கொண்டுதான் இருப்பாள். கேட்டால் “காலு மரத்துப் போவுது, பாதம் எரியுது” என்பாள். பிரசவத்து வாயு என்று சொல்லி இன்னும் கொஞ்சம் பூண்டு சேர்ப்பார்கள், இன்னும் ஒரு காயைக் குறைப்பார்கள். உடம்பில் தையமின் இருப்பு இரண்டு மூன்று வாரத்துக்குத்தான் தாங்கும். அதற்கு மேல் சேமித்துவைக்க உடலில் இடம் இல்லை. சாப்பாட்டில் வராவிட்டால் பாலிலும் வராது. பிள்ளை பெற்ற முதல் மாதம் போய் இரண்டாம் மாதம் நடக்கும்போது குழந்தைக்கு மூச்சு வாங்குவது அதனால்தான்.

நெல்லூரில் பிறந்தவர் கண்டுபிடித்தது

இந்த வைட்டமினின் கதையில் நம் பக்கத்து ஊர் ஒன்று வருகிறது. 1886ல் நெல்லூரில், அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி குடும்பத்தில் பிறந்தவர் ராபர்ட் ரன்னல்ஸ் வில்லியம்ஸ். வேதியியலாளராகி மணிலாவில் வேலை பார்த்தபோது, எட்வர்ட் வெடர் என்ற ராணுவ மருத்துவர் அவரிடம் அரிசித் தவிட்டுச் சாற்றைக் கொடுத்து இதில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். மணிலாவில் அன்று தாய்ப்பால் குடிக்கும் குழந்தைகள் பெரிபெரியில் கொத்துக் கொத்தாகச் செத்துக்கொண்டிருந்தன. தவிட்டுச் சாற்றைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டியதும் சாகக் கிடந்த குழந்தை எழுந்துகொண்டதை வில்லியம்ஸ் கண்ணால் பார்த்தார். அந்தச் சாற்றில் இருந்ததைத் துரத்திக்கொண்டு கால் நூற்றாண்டு ஓடினார். பகலில் தொலைபேசி நிறுவன ஆய்வகத்தில் சம்பள வேலை, மற்ற நேரத்தில் இது. 1936ல் தையமினைச் செயற்கையாகத் தயாரித்துக் காட்டினார்.

அதற்கு முன்பே ஜாவாவில் எய்க்மன் என்ற மருத்துவர், கோழிகளுக்குத் தீட்டிய அரிசியைப் போட்டால் கால் விழுந்துவிடுகிறது, தவிடு போட்டால் எழுந்துகொள்கிறது என்று கண்டிருந்தார். அவருக்கு 1929ல் நோபல் பரிசு கிடைத்தது. நம் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம் தென்னிந்தியச் சாப்பாட்டை அலசிப் பார்த்தது. அதுதான் பிறகு ஐதராபாத்துக்குப் போய் இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அந்தக் காலத்து ஆய்வுகள் உறுதியாகச் சொன்ன ஒரு விஷயம்: நெல்லைப் புழுக்கி அரைத்தால் தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்கித் தங்கிவிடும். தமிழ்நாட்டில் புழுங்கலரிசி சாப்பிட்ட பகுதிகள் பெரிபெரியிலிருந்து பெருமளவு தப்பியது அதனால்தான்.

எண்களைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் அட்டவணைப்படி 100 கிராம் தீட்டிய பச்சரிசியில் தையமின் 0.05 மில்லிகிராம். புழுங்கலரிசியில் 0.17. தீட்டாத அரிசியில் 0.27. ராகியில் 0.37. பால் கொடுக்கும் தாய்க்கு ஒரு நாளைக்கு வேண்டியது சுமார் 2 மில்லிகிராம். ஒரு நாளைக்கு 400 கிராம் வெள்ளை அரிசியைப் பொங்கிச் சாப்பிட்டாலும் தேவையில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். அதிலும் அரிசியை மூன்று முறை களைந்து, கஞ்சியை வடித்துக் கொட்டினால் மிச்சமும் சாக்கடைக்குப் போகிறது. சோற்றுக்குப் பிறகு கொட்டைப் பாக்கோடு வெற்றிலை போடும் பழக்கமும், அடிக்கடி டீ குடிக்கும் பழக்கமும் இருந்தால், உள்ளே போன கொஞ்சத்தையும் அவை கெடுக்கின்றன.

பத்தியம் அதேதான், அரிசிதான் மாறியது

“நாங்கெல்லாம் அப்டித்தான் ஏழு பெத்தோம், எங்க புள்ளைங்க சாவலயே” என்று வீட்டில் ஆயா கேட்பார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லாமல் பத்தியத்தை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட்டுப் போகிற மருத்துவரின் பேச்சை யாரும் கேட்கப் போவதில்லை.

என் பதில் இது. கோலார் சீமை வற்றாத ஆறு இல்லாத, ஏரியை நம்பிய மேட்டு நிலம். இங்கே ராகிதான் வயிற்றை நிரப்பியது. நெல்லுச் சோறு பண்டிகைக்கு, விருந்தாளிக்கு, பிள்ளை பெற்றவளுக்கு. பத்து மாதம் சுமந்து பெற்றவளுக்கு வீட்டிலேயே உயர்ந்த சாப்பாட்டைக் கொடுத்தார்கள், அது மரியாதை. அந்த அரிசியும் உரலில் குத்தியது, தவிடு முழுக்கப் போகாதது. வடாற்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும் தங்கச் சுரங்க வேலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்களும் கைக்குத்தல் அரிசியும் புழுங்கலரிசியும் தெரிந்தவர்கள். அதே பத்தியத்தை அந்த அரிசியோடு கடைப்பிடித்தால் ஓரளவு தாங்கும். இன்று மில்லில் பளபளவென்று தீட்டிய அரிசி மலிவாக, ரேஷனில் இலவசமாக, எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டது. ஆயாவின் பத்தியம் அப்படியே இருக்க, அதற்கு அடியிலிருந்த அரிசி மட்டும் மாறிவிட்டது. ஆயா பொய் சொல்லவில்லை; அவர் சாப்பிட்ட சோறு இன்று நாம் போடும் சோறு இல்லை.

பத்தியத்தில் நல்லதும் நிறைய இருக்கிறது. பெற்றவளுக்கு ஓய்வு, சூடான புதுச் சமையல், நெய், எண்ணெய்க் குளியல், வீட்டுப் பெண்களின் துணை எல்லாம் இருக்கட்டும். பூண்டு, மிளகு, சீரகம் எவ்வளவு வேண்டுமானாலும் இருக்கட்டும். கருவாட்டையும், பால் சுறாப் புட்டையும், முருங்கைக்கீரையையும் சொல்லிக் கொடுத்த பாட்டிமார்களுக்கு நன்றி. நான் கேட்பது சேர்க்கச் சொல்லித்தான்: களியைச் சேருங்கள், பருப்பைச் சேருங்கள், கீரையைச் சேருங்கள்.

கோலார் சமையலறையில் இதற்குப் புதிதாக எதையும் வாங்க வேண்டியதில்லை. கீரையும் பருப்பும் ஒன்றாக வேகவைத்து மசித்துச் செய்யும் மஸ்ஸொப்பு சாறு இந்த மண்ணின் சொத்து. களியை அதில் தோய்த்து விழுங்கினால், அந்த ஒரு வேளையில் பி1, கால்சியம், இரும்பு, புரதம் எல்லாமே வருகிறது. 100 கிராம் ராகி மாவில் கால்சியம் சுமார் 350 மில்லிகிராம். ஒரு டம்ளர் பாலைவிட அதிகம். மார்கழி தை மாதத்து அவரைக்காய் சீசனில் பிள்ளை பெற்றவள் அதிர்ஷ்டசாலி, அவள் வீட்டில் தடை போடாமல் இருந்தால்.

தாய்க்கு எவ்வளவு கூடுதலாக வேண்டும் என்பதையும் களியிலேயே சொல்லிவிடலாம். முதல் ஆறு மாதம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்கு 600 கலோரி கூடுதல் வேண்டும் என்கிறது ஐ.சி.எம்.ஆர்.; புரதம் 17 கிராம் அளவுக்குக் கூடுதல். 100 கிராம் மாவில் கிண்டிய களி உருண்டை ஒன்று, ஒரு டம்ளர் பால், ஒரு கைப்பிடி வேர்க்கடலை சேர்ந்தால் 600 கலோரிக்குப் பக்கத்தில் வந்துவிடும். அதோடு ஒரு முட்டையோ ஒரு கிண்ணம் பருப்போ சேர்த்தால் புரதக் கணக்கும் சரியாகிவிடும். கர்ப்ப காலத்தில் “ரெண்டு பேருக்குச் சாப்பிடு” என்று ஊட்டிவிடுகிறோம். அப்போது தேவைப்பட்டது இதைவிடக் குறைவு. உண்மையாகவே இரண்டு பேருக்குச் சாப்பிட வேண்டிய காலம் பிள்ளை பிறந்த பிறகுதான். அப்போதுதான் தட்டைச் சுருக்குகிறோம்.

பாலில் குறைவது எது, தாயிடம் குறைவது எது

தாய்ப்பாலைப் பற்றி எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு நியாயம் உண்டு. சில சத்துகள் தாய் சாப்பிடாவிட்டால் பாலிலும் குறைந்துபோகும்: பி1, பி2, பி6, பி12, ஏ, டி, அயோடின். வேறு சில, தாய் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் பாலில் பெரும்பாலும் மாறுவதில்லை: கால்சியம், இரும்பு, துத்தநாகம், ஃபோலேட். இரண்டாவது வகையைக் கேட்டு நிம்மதி அடையக் கூடாது. பாலில் கால்சியம் குறையாமல் இருப்பதற்குக் காரணம், தாயின் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவதுதான். பால் கொடுக்கும் மாதங்களில் எலும்பின் கனம் சில சதவீதம் குறைகிறது. நல்ல சாப்பாடு இருந்தால் பால் நிறுத்திய பிறகு திரும்பிவிடும். அடுத்தடுத்துப் பிள்ளை, இடையில் பத்தியம் என்றால், பட்ட கடன் அடைவதற்குள் புதுக்கடன்.

சைவக் குடும்பங்களில் பி12ஐக் கவனிக்க வேண்டும். பாலும் தயிரும்கூட நிறுத்தப்பட்ட சைவத் தாயின் குழந்தை சில மாதங்களில் சோர்ந்து, கை கால் நடுங்கி, கற்றுக்கொண்ட சிரிப்பையும் தலை நிற்பதையும் மறந்துபோகும் நோயை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் பல பத்தாண்டுகளாகப் பார்த்துவருகிறார்கள். பால், தயிர், முட்டை, மீன் இவற்றில் ஏதாவது தினமும் வேண்டும். எதுவும் முடியாது என்றால் மருத்துவரிடம் சொல்லி மாத்திரையாவது வேண்டும். டி வைட்டமின் தாய்ப்பாலில் இயல்பாகவே குறைவு. அதனால்தான் குழந்தைக்கு ஒரு வயது வரை தினமும் 400 அலகு சொட்டு மருந்தாகக் கொடுக்கச் சொல்கிறார்கள். இருட்டறையில் மூன்று மாதம் வைத்திருக்கும் வழக்கமுள்ள வீடுகளில் இதைத் தவறவே விடக் கூடாது.

ஆரஞ்சு சாப்பிட்டால் பால் வழியாகச் சளி வரும் என்பதும், தண்ணீர் குடித்தால் பால் நீர்த்துப்போகும் என்பதும் உண்மையல்ல. சளி கிருமியால் வருகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 750 மில்லி பால் சுரக்கும் உடம்புக்குத் தாகம் எடுப்பது இயல்பு; தாகம் எடுத்தால் குடிக்க வேண்டியதுதான்.

சிவப்பு மாத்திரை, வெள்ளை மாத்திரை

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆஷா அக்கா கையில் கொடுத்தனுப்பும் மாத்திரைகள் இரண்டு. சிவப்பு மாத்திரையில் இரும்பு 60 மில்லிகிராம், ஃபோலிக் அமிலம் 500 மைக்ரோகிராம். தினம் ஒன்று, பிரசவத்துக்குப் பிறகு 180 நாள். வெள்ளை மாத்திரையில் கால்சியம் 500 மில்லிகிராம். தினம் இரண்டு, பிரசவத்துக்குப் பின் ஆறு மாதம் வரை. மூன்றாம் மாதத்தோடு இரண்டையும் நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். “பிள்ளைதான் பொறந்துடுச்சே, இனிமே எதுக்கு?” என்ற எண்ணம். பிரசவத்தில் இழந்த ரத்தத்தை ஈடுகட்டும் மாதங்கள் இவைதான். நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தச்சோகை என்று ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது.

இரண்டையும் ஒன்றாக விழுங்கக் கூடாது. கால்சியம் இரும்பை உள்ளே விடாது. கால்சியத்தைக் காலை, இரவுச் சாப்பாட்டோடு சாப்பிட்டு, இரும்பை இரண்டு மணி நேரமாவது தள்ளி, எலுமிச்சைச் சாறோடோ நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் நல்லது. மாத்திரைக்கு முன்னும் பின்னும் டீ, காபி வேண்டாம். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் இந்த இரண்டு மாத்திரையிலும் பி1 இல்லை. ரேஷன் கடை வழியாக அரசு செறிவூட்டிய அரிசி கொடுக்கத் தொடங்கியது; அதில் சேர்த்தது இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றும்தான். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதியில் தையமினும் இருக்கிறது, விருப்பப்பட்டால் சேர்க்கலாம் என்ற பட்டியலில். அரசு விருப்பப்படவில்லை. அரிசி மாவில் சத்தைக் கலந்து அரிசி வடிவிலேயே செய்து கலக்கும் இயந்திரம் இருக்கிறது, கலக்க வேண்டிய அளவும் சட்டத்தில் எழுதியிருக்கிறது. பெங்களூரில் இருநூறு குழந்தைகளின் இதயம் தடுமாறியதைப் பார்த்த பிறகும் அந்த நான்காவது சத்து விருப்பப் பட்டியலிலேயே இருப்பதை ஏற்க முடியவில்லை. கர்நாடகமும் தமிழ்நாடும் இதை டெல்லியிடம் கேட்க வேண்டும். ஐ.நா. அமைப்புகள் வகுத்த பதினைந்து சத்து மாத்திரை ஒன்று இருக்கிறது. அதில் தையமின் 1.4 மில்லிகிராம் உண்டு. வெறும் சிவப்பு மாத்திரைக்குப் பதில் அதைக் கொடுக்கலாமா என்ற விவாதம் பல நாடுகளில் நடக்கிறது. நம் ஊர் பத்தியத்தை அறிந்தவர்கள் அந்த விவாதத்தில் இருந்தாக வேண்டும்.

கடையில் அடுக்கி வைத்திருக்கும் தாய்மார் பவுடர்களைப் பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலான டப்பாக்களில் சர்க்கரை கணிசமாக இருக்கிறது. அதே பணத்துக்கு முட்டையும் வேர்க்கடலையும் வாங்கினால் அதிகச் சத்து. தண்ணீர்விட்டான் கிழங்கு, வெந்தயம் இவற்றால் பால் கூடும் என்பதற்கு ஆதாரம் மெலிதானது. சமையலில் போடும் அளவால் கெடுதல் இல்லை. பால் சுரப்பதைத் தீர்மானிப்பது குழந்தையின் வாய். அடிக்கடி, இரவிலும், முழுதாக உறிஞ்சக் கொடுத்தால் சுரக்கும். “பால் பத்தலை” என்று புட்டியைக் கையில் எடுத்த நாள்தான் உண்மையாகவே பால் குறையத் தொடங்கும் நாள். பேறுகாலச் சூரணம், லேகியம் வாங்குகிறவர்கள் பாதரசம், பஸ்பம் சேர்ந்தவற்றைத் தவிர்த்துவிடுங்கள். ஈயமும் பாதரசமும் பாலில் இறங்கும்.

போர்வெல் தண்ணீரும் புட்டிப்பாலும்

கோலாருக்கென்று தனிக் காரணம் ஒன்று இருக்கிறது, புட்டியைத் தூரத்தில் வைக்க. ஆயிரம் அடிக்குக் கீழே போன போர்வெல்களில் ஃப்ளூரைடு அதிகமாக இருக்கும் மாவட்டம் இது. லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும், வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை என்பது நம் நாட்டு அளவு. அதைத் தாண்டிய தண்ணீரைக் குடித்து வளர்ந்த தலைமுறையின் பற்களில் மஞ்சள் பழுப்புக் கறையைப் பார்க்கலாம். தாய் இந்தத் தண்ணீரைக் குடித்தாலும் அவளுடைய பாலில் ஃப்ளூரைடு மிக மிகக் குறைவாகத்தான் இறங்குகிறது. தாயின் உடம்பே வடிகட்டியாகிவிடுகிறது. அதே தண்ணீரில் பால் பவுடரைக் கரைத்தால் முழு ஃப்ளூரைடும் குழந்தையின் வயிற்றுக்குள். காய்ச்சினால் கிருமி போகும், ஃப்ளூரைடு போகாது.

அங்கன்வாடித் தட்டு

கர்நாடக அரசு 2017 அக்டோபர் 2 அன்று மாநிலம் முழுக்கத் தொடங்கிய மாத்ருபூர்ணா திட்டத்தின் தட்டைப் பாருங்கள். சோறு, காய்கறியோ கீரையோ போட்ட சாம்பார், அவித்த முட்டை, 200 மில்லி பால், வேர்க்கடலை மிட்டாய். கர்ப்பிணிகளுக்கும், குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை தாய்மார்களுக்கும், மாதம் 25 நாள். பத்தியத் தட்டில் இல்லாத எல்லாம் இந்தத் தட்டில் இருக்கிறது. வேர்க்கடலையிலேயே பி1 தாராளம்.

சிக்கல், அதை அங்கன்வாடிக்கு வந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்பதில். யாருக்கு அதிகம் தேவையோ அந்தப் பச்சை உடம்புக்காரி வீட்டுப் படியைத் தாண்டக் கூடாது. கர்ப்பிணிகள் வருகிறார்கள், பிள்ளை பெற்றதும் நின்றுவிடுகிறார்கள். ஆதரவாக ஒரு அங்கன்வாடி டீச்சர் டிபன் கேரியரில் கொடுத்தனுப்பினாலும், வீட்டில் அந்தச் சாம்பாரும் முட்டையும் மற்றவர்கள் வாய்க்குப் போகிறது. அவளுக்குப் பழைய வெள்ளைச் சோறு. முதல் மூன்று மாதத்துக்காவது தட்டை வீட்டுக்கு அனுப்பி, அவள் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு வருகிற ஏற்பாடு வேண்டும்.

தங்கவயலில் இன்னொரு அவசரமும் உண்டு. 2001ல் சுரங்கத்தை மூடிய பிறகு வேலை பெங்களூருக்குப் போய்விட்டது. விடியுமுன்னே மாரிக்குப்பம் ரயிலில் ஏறி ராத்திரி திரும்பும் கூட்டத்தில் கைக்குழந்தைத் தாய்களும் இருக்கிறார்கள். 2017ல் திருத்திய மகப்பேறு நலச் சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகமும் கொடுக்கச் சொன்னது. ஒப்பந்தக் கூலிப் பெண்ணுக்கு அது எட்டாத உயரத்தில்தான் இருக்கிறது. அவள் சீக்கிரமே வேலைக்குத் திரும்ப வேண்டியிருந்தால், பாலைப் பீய்ச்சிச் சுத்தமான எவர்சில்வர் கிண்ணத்தில் மூடிவைத்துவிட்டுப் போகலாம். அறையில் நாலு மணி நேரம், ஃப்ரிட்ஜில் ஒரு நாள் தாங்கும். கிண்ணத்தால் அல்லது பாலாடையால் புகட்ட வேண்டும். மதியத்துக்கு அவள் கட்டிக்கொண்டு போகும் டப்பாவில் வெள்ளைச் சோறு ஊறுகாய் மட்டும் இருக்கக் கூடாது.

யாரிடம் சொல்வது

பூதிகோட்டை என்றால் ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாற்றுப் புத்தகம் சொல்லும். எனக்கு அது ‘நம்ம த்வனி’ வானொலி பிறந்த ஊர். சமுதாய வானொலிக்கு அரசு உரிமம் கொடுக்கத் தயங்கிய 2000களின் தொடக்கத்தில், வாய்சஸ், மைராடா அமைப்புகளின் துணையோடும் யுனெஸ்கோ உதவியோடும் இந்த ஊரின் சுயஉதவிக்குழுப் பெண்கள் தாங்களே நிகழ்ச்சி தயாரித்து, கேபிள் கம்பி வழியாக வீட்டு வீட்டுக்கு ஒலிபரப்பினார்கள். விவசாயம், தண்ணீர், உடல்நலம் எல்லாவற்றையும் தங்கள் வாயாலேயே பேசினார்கள். தன்னார்வ அமைப்புகளும் சமுதாய வானொலி நடத்தலாம் என்று டெல்லி ஒப்புக்கொண்டது 2006ல்தான். இந்தப் பெண்கள் அதற்காகக் காத்திருக்கவில்லை.

அதை இங்கே சொல்லக் காரணம், பத்தியத்தை மாற்றுகிற சொல் பக்கத்து வீட்டுப் பெண்ணின் வாயிலிருந்து வந்தால்தான் எடுபடும். மருத்துவமனையிலிருந்து அனுப்பும் சீட்டில் மாத்திரைகளின் பெயர் இருக்கும், தையல் பிரிக்கும் தேதி இருக்கும். சாப்பாடு பற்றி ஏதாவது இருந்தாலும், இருபது வயதுப் பெண்ணிடம் சொல்லி அனுப்புவார்கள். வீட்டில் அவள் தட்டில் என்ன விழும் என்பதை அவள் தீர்மானிப்பதில்லை. வராந்தாவில் துணிமூட்டையோடு காத்திருக்கும் மாமியாரை, அம்மாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, “அம்மா, உங்க காலத்து அரிசி வேற, இப்போ அரிசி வேற; களியும் பருப்பும் கீரையும் முதல் வாரத்திலேர்ந்து கொடுங்க, புழுங்கலரிசி பொங்குங்க, கஞ்சியை வடிக்காதீங்க” என்று அவர்கள் மொழியில், தமிழிலோ கன்னடத்திலோ தெலுங்கிலோ, சொல்ல ஐந்து நிமிடம் போதும். கோலார் மாவட்ட மருத்துவமனையிலிருந்து கிராமத்துத் துணை சுகாதார மையம் வரை எந்த நர்சும் இன்றே தொடங்கக் கூடிய வேலை இது. இதற்கு ஆணை எதுவும் வர வேண்டியதில்லை.

இதைப் படிக்கும் வீட்டில் இப்போது பத்தியத்தில் ஒரு தாயும் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையும் இருந்தால், சிலவற்றைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். நன்றாகக் குடித்துக்கொண்டிருந்த பிள்ளை பால் மறுத்தால், விடாமல் வாந்தி எடுத்தால், அழுகைச் சத்தம் கம்மிப்போனால், மூச்சு வேகமாக வாங்கினால், உதடு நீலம் பாய்ந்தால், நாட்டு மருந்துக்கும் மந்திரிப்பதற்கும் அலையாமல் 108ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். ராத்திரியாக இருந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். போனதும் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்: “தாய் பத்தியத்தில் இருக்கிறாள், வெறும் வெள்ளைச் சோறுதான் சாப்பிடுகிறாள்.” அந்த ஒரு தகவல் கிடைத்தால், தையமின் ஊசியைப் பற்றி யோசிக்க அவருக்கு நேரம் வீணாகாது.